நாய்க்கால் ஓடு

தேவமணி டீச்சர் கோபக்காரி என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவளுக்குக் கோபம் வெளியே வராது, உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். இன்பம் டீச்சர் சொன்ன ஒரு சொல் அப்படித்தான் ரெண்டு வருசமாக உட்கார்ந்திருந்தது.

கிறிஸ்துமசுப் பலகாரத் தட்டோடு வந்த இன்பம் டீச்சர், கூடத்து நடுவில் நிற்கிற மரப்படிக்கட்டை மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "என்ன டீச்சர், உங்க வீட்டு மச்சுக்கு மொதமொதல்ல நாய்தான் ஏறுச்சாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கிளுகிளுவென்று சிரித்தாள்.

விசயம் இதுதான். முதல் படிக்கு முன்னால் தரையில் பதித்திருந்த தட்டோட்டில் ஒரு நாயின் காலடி இருந்தது. அந்தக் காலத்தில் சூளைக்காரன் பச்சை ஓட்டை வெயிலில் காயப்போட்டிருக்கிறான். தெருநாய் ஒன்று அதை மிதித்துக்கொண்டு போயிருக்கிறது. அவன் பார்க்காமலே சுட்டுவிட்டான். பதித்த கொத்தனும் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுப் போனால் போகிறது என்று விட்டுவிட்டான். நாலு விரலும் உள்ளங்காலுமாக ஆழமாகப் பதிந்து, முப்பது வருசமாக அந்த நாய் மச்சுக்கு ஏறப்போகிற மாதிரியே நின்றுகொண்டிருந்தது.

படிக்கட்டைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. தேவமணியின் மாமனார் எங்கேயோ ஒரு பழைய பங்களாவை இடித்தபோது மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்த தேக்குப் படி. பதினோரு படி. சிவகாசியில் அந்தத் தெருவில் மரப்படி வைத்த வீடு அது ஒன்றுதான், மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் மச்சுக்கு ஏணி சாத்தியிருந்தார்கள். ஆனால் தரை இருக்கிறதே, அதை வாயால் சொல்லக்கூடாது. பாதி ஓடு பொரிந்து, பாதி ஓடு பெயர்ந்து, காலையில் கூட்டினால் குப்பையைவிட ஓட்டுத்தூள்தான் கூடுதலாக வரும். போன ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் உள்ளே வந்து, தரை அங்கங்கே உள்வாங்கிவிட்டது. மச்சுக்கு ஏற்றாமல் கீழே வைத்திருந்த பேப்பர்க் கட்டு நாலும் ஊறிக் கூழாகப்போயின.

பேப்பர்க் கட்டு அவள் புருசன் கிறிஸ்துராஜுடையது. அவர் அச்சாபீசில் கலர் மேஸ்திரியாக இருந்தவர். தீப்பெட்டிக்கும் வெடிக்கட்டுக்கும் ஒட்டுகிற லேபிள் அச்சாகி வரும்போது, "செவப்பு தூக்கலா இருக்கு, கொஞ்சம் இறக்கு" என்று அவர் சொன்னால் முதலாளியே வாயைத் திறக்கமாட்டார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குள்ளே நீரழுத்தம் வந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனபோது, "ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்திருக்கணும்" என்றார் டாக்டர். முப்பத்தெட்டு வயதில் விளக்கை இறக்குகிற மாதிரி கொஞ்சங்கொஞ்சமாக இறங்கி, ஒருநாள் ஒன்றுமே இல்லை என்று ஆகிப்போனது.

நாலு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பிறகு ஒருநாள் அவராகவே எழுந்து, "கம்பெனியில வெடிக்குழாய் உருட்ட வீட்டுக்குப் பேப்பர் குடுக்காகளாமே, கேட்டுப் பாரு" என்றார். இரும்புக்கம்பியில் பேப்பரைச் சுற்றி, பசை தடவி, பலகையில் உருட்டி உருவினால் குழாய். கண் வேண்டாத வேலை. பசையில் மயில்துத்தம் கலந்திருப்பதால் அவர் விரல்நுனி எப்போதும் லேசாகப் பச்சையடித்துக் கிடக்கும். கீழே ஈரவாடை என்பதால் மச்சில் உட்கார்ந்து உருட்டுவார். பேப்பருக்கு, பசைக்கு, தண்ணீருக்கு என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இறங்கி ஏறுவார். சுவரைத் தடவமாட்டார், கம்பு பிடிக்கமாட்டார். வாசலில் இருந்து விறுவிறுவென்று கூடத்து நடுவில் நடந்துவந்து, டக்கென்று நின்று, காலைத் தூக்கி முதல் படியில் வைப்பார். புதிதாக வந்தவர்கள், "இவருக்கா கண்ணு தெரியாது?" என்று வாயைப் பிளப்பார்கள். அதைக் கேட்க அவருக்குக் கொள்ளை ஆசை.

தரையை மாற்றுகிற பேச்சை எடுத்தபோது கிறிஸ்துராஜ் உருட்டுகிற கையை நிறுத்தவில்லை.

"மாத்திக்கோ. மழை வந்தா மறுபடியும் பேப்பரு நனையும். ஆனா படியில கை வைக்கக் கூடாது."

"படியில யாரு கை வைக்கா? கீழ பூக்கல்லு போடப் போறோம். விருதுநகர்ல இருந்து லோடு வருதாம். சிமெண்டுல பூப்போட்டு வார்த்த கல்லு, கண்ணாடியாட்டம் இருக்கும்."

"மொதப் படி உசரம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். ஒரு நூல் கூடுனாலும் குறைஞ்சாலும் பல்லு போயிரும் எனக்கு."

"பைபிள் மேல கை வச்சுச் சொல்லவா?"

"பைபிளை விடு. கொத்தனார் கையைப் பிடிச்சு வச்சுச் சொல்லு, போதும்."

முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாள், தூசி ஆகாது என்று அவரை மல்லாங்கிணற்றில் தங்கை ஜெயசீலி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அதற்கு மறுநாள் காலையில் கொத்தனார் உக்கிரபாண்டி வந்து நின்றார். வெம்பக்கோட்டைக்காரர். மீசை பெரிது, பேச்சு அதைவிடப் பெரிது. கூடவே சித்தாள் மாரித்தாய், தலையில் சாந்துச்சட்டியும் வாயில் வெற்றிலையுமாக.

உக்கிரபாண்டி வந்ததும் வராததுமாகப் படியில் ஏறினார். "லாபம், நட்டம், லாபம், நட்டம்" என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே போய், பதினோராவது படியில் நின்று, "லாபம்!" என்று மேலேயிருந்து கத்தினார். "பரவாயில்ல டீச்சரம்மா, வேதக்காரக வீடா இருந்தாலும் லாபத்துலதான் முடிச்சிருக்காக."

"நீரு இறங்கி வாரும் அண்ணே. படியைப் பத்திதான் பேசணும்."

அவள் கையில் ஒரு குச்சி வைத்திருந்தாள். பழைய தரையில் இருந்து முதல் படியின் மேல்விளிம்பு வரை வைத்துப் பார்த்து, சரியாக வெட்டின விளக்கமாற்றுக் குச்சி. "புதுக்கல்லு போட்டு முடிச்ச பிறகு இந்தக் குச்சி இங்கன நிக்கணும். ஆடவும் கூடாது, இடிக்கவும் கூடாது."

உக்கிரபாண்டி குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படின்னா பழைய ஓடு மேல போட முடியாது. ஓட்டைப் பேத்து, கீழ அரையடி தோண்டி, இடிச்சுக் கெட்டியாக்கி, அதுக்கு மேல கலவை விரிச்சு, அதுக்கு மேல கல்லு. ரெண்டு நாள் வேலை ஆறு நாளாகும். எதுக்கும்மா இம்புட்டுக் கூத்து? மொதப் படி ரெண்டங்குலம் குறைஞ்சா என்ன, ஏற சுளுவாத்தானே இருக்கும்?"

"அவுகளுக்குக் கண்ணு தெரியாது அண்ணே. கால்தான் கண்ணு."

மீசையைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "அதை மொதல்லயே சொல்றதில்லையா?" என்று முணுமுணுத்துவிட்டு, குச்சியை எடுத்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். ஆறு நாளும் அது அங்கேதான் இருந்தது.

"எங்கன இருந்து பேக்கணும்?" என்று கடப்பாரையோடு வந்தாள் மாரித்தாய்.

தேவமணி கடப்பாரையைக் கேட்டு வாங்கினாள். நேரே படிக்கட்டுக்கு முன்னால் போய் நின்று, அந்த நாய்க்கால் ஓட்டின்மேல், நடு உள்ளங்காலில், ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். ஓடு மூன்றாகப் பிளந்தது. இன்னொரு குத்து. தூளாகப் போனது.

"ஆத்தாடி, டீச்சரம்மாவுக்கு அந்த ஓட்டு மேல என்ன ஆத்திரம்?" என்றாள் மாரித்தாய்.

"ரெண்டு வருசத்து ஆத்திரம்" என்றாள் தேவமணி. அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது, சிரிப்புக்கூட வந்தது.

கத்திரி வெயில். வெளியே தார் உருகுகிறது, உள்ளே ஓட்டுத்தூள் மூக்கை அடைக்கிறது. பெயர்த்த ஓட்டையெல்லாம் அங்கேயே உடைத்துக் குழிக்குள் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் உக்கிரபாண்டி இடிப்பார். மாரித்தாய் மண் சுமப்பாள், நடுநடுவே தன் மாமியாரைத் திட்டுவாள், திட்டின வேகத்தில் இன்னும் ரெண்டு சட்டி சேர்த்துச் சுமப்பாள். தேவமணி மதியத்துக்குக் கேப்பைக்கூழ் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைப்பாள். ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அன்றைக்கு உக்கிரபாண்டி இடித்த இடியில் தெரு முனையில் இருந்த டீக்கடைக் கண்ணாடித் தம்ளர் ஆடியதாக மாரித்தாய் சொன்னாள்.

மூணாம் நாள்தான் சங்கடம் வந்தது. படிக்கட்டின் ரெண்டு கால் கட்டையிலும் தரையைத் தொடுகிற இடத்தைக் கரையான் தின்றிருந்தது. உக்கிரபாண்டி கரணைநுனியால் குத்தினார், மாவாக உதிர்ந்தது.

"ஓட்டைப் பேக்காம விட்டிருந்தா அடுத்த மழைக்குப் படி உக்காந்திருக்கும் டீச்சரம்மா. அய்யாவும் அதுமேல இருந்திருப்பாரு."

தேவமணி "ஏசப்பா!" என்று அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க எந்திரிச்சு டீயைப் போடுங்க. நான் எதுக்கு இருக்கேன்?"

நாலு முட்டுக்கட்டை கொடுத்துப் படிக்கட்டைத் தாங்கி நிறுத்தி, கரையான் தின்ற மட்டுக்கும் ரம்பத்தால் அறுத்து எடுத்து, அந்த அளவுக்குக் கருங்கல் துண்டு ரெண்டைக் கொத்திக் கட்டைக்கு அடியில் செருகினார். கல் உள்ளே போகும்போது மரம் முனகியது. உக்கிரபாண்டி தரை வரப்போகிற மட்டத்துக்கு நூல் கட்டி, தலைப்பாகையில் இருந்து குச்சியை உருவி வைத்துப் பார்த்தார், கல்லை எடுத்தார், கொஞ்சம் கொத்தினார், மறுபடி வைத்தார். இப்படிப் பதினைந்து தடவை இருக்கும். மீசையிலிருந்து வேர்வை சொட்டியது. கடைசியில், "வந்து பாருங்க" என்றார்.

பிறகு பூக்கல். எட்டங்குலச் சதுரம், பச்சைக் கொடி ஓடி, நடுவில் சிவப்புப் பூ. நாலு கல் சேர்ந்தால் ஒரு பெரிய வட்டம். படிக்கட்டின் கால்களைச் சுற்றி வருகிற கல்லை மட்டும் உளியால் கோடு கிழித்துத் தட்டித் தட்டி வெட்டினார். நாலு கல் உடைந்தது, அஞ்சாவது கல் கட்டையைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்தது. ரசமட்டத்தை வைத்து, கண்ணை ஒருச்சாய்த்துப் பார்த்து, "கோலிக்குண்டை விட்டாலும் ஓடாது. வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் ஒரே மட்டம். ஒரு மேடு பள்ளம் காட்டுங்க, மீசையை எடுத்துக்கிடுறேன்" என்றார்.

மாரித்தாய் தேங்காயெண்ணெயும் தவிடும் போட்டுத் தேய்த்துத் துடைத்தாள். தரையில் படிக்கட்டின் நிழல் தலைகீழாகத் தெரிந்தது. தேவமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமாகி வந்த பதினாறு வருசத்தில் அந்த வீட்டில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். குச்சியை முதல் படியில் நிறுத்தினாள். ஆடவில்லை, இடிக்கவில்லை.

கிறிஸ்துராஜை ஜெயசீலியின் வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். தேவமணி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே காலை வைத்ததும் அவர் முகம் மாறியது.

"ஏயப்பா, குளுகுளுன்னு இருக்கே. கண்ணாடிதான். என்ன கலரு?"

"பச்சைக்கொடி, செவப்புப் பூ."

"செவப்புன்னா எந்தச் செவப்பு?"

"செவப்புன்னா செவப்புதான்."

"டீச்சரா இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா? மாதுளம்பழ லேபிள் அடிச்சமே, அந்தச் செவப்பா? இல்ல, ஆலயத்துல பாதிரியார் மேசைமேல விரிக்கிற துணி, அந்தச் செவப்பா?"

அவள் குனிந்து பார்த்தாள். "மாதுளம்பழம்தான். ஆனா மழையில ஒரு நாள் கிடந்த மாதுளம்பழம்."

"சரி, தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. "காவிப்பொடி கூடிருச்சு அவனுக்கு. இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும்."

கையைப் பிடித்தபடியே படிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். காலைத் தூக்கி வைத்தார். அதே உயரம். இறங்கினார், மறுபடி வைத்தார். "நூல் பிசகலை தேவமணி! உன் கொத்தனாருக்குத் தங்கக் காப்பு போடலாம்" என்று பதினோரு படியும் ஏறிப்போனார். அவள் கீழே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் அல்லவா?

மறுநாள் மதியம், "கம்பியையும் பலகையையும் கீழயே இறக்கி வையி. இப்பத்தான் ஈரம் இல்லையே, இங்கன உக்காந்து உருட்டுதேன். மச்சுல வெக்கை தாங்கலை" என்றார். நியாயந்தானே? அவள் சந்தோசமாக இறக்கி வைத்தாள். அடுப்படியில் இருந்து பேச்சுக் கொடுக்கலாம், அவரும் பதில் பேச்சுப் பேசிக்கொண்டே உருட்டுவார். நாலு நாள் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அஞ்சாம் நாள்தான் ஏதோ ஒன்று உறுத்தியது. மனுசன் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால், "தேவமணி, கொஞ்சம் தண்ணி" என்கிறார். எழுந்தால் சுவரோரமாக, கையால் சுவரைத் தடவிக்கொண்டு போகிறார். விறுவிறு நடை இல்லை. கேட்டதற்கு, "கல்லு வழுக்குமோன்னு ஒரு பயம்" என்றார். கூழும் பாதிதான் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் கூட்டம் இருந்தது. தேவமணி அதற்கு இருக்காமல் வந்துவிட்டாள். தலைவலி என்று கிறிஸ்துராஜ் ஆலயத்துக்கு வந்திருக்கவில்லை, அதனால் சுக்குக்காப்பி போட்டுக் கொடுக்கலாமென்று நினைத்தாள். வாசற்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்து நடுவில் கிறிஸ்துராஜ் முழங்காலிட்டு இருந்தார். ஜெபம் பண்ணவில்லை. ரெண்டு உள்ளங்கையாலும் தரையைத் தடவித் தடவி, தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார். படிக்கட்டு அவருக்கு வலதுபக்கம் மூன்றடியில் இருந்தது. அவர் இடதுபக்கமாகப் போனார். அடுப்படி நிலையில் தலை முட்டியது. நின்றார். மறுபடி திரும்பி, தடவிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று அவள் எடுத்துவைத்த வெள்ளை வேட்டி முழங்காலில் சுருண்டு கிடந்தது.

தேவமணி மூச்சுக்காட்டாமல் பின்வாங்கித் தெருவுக்கு வந்தாள். நாலு வீடு தள்ளிப் போய் நின்று, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்து, செருப்பைச் சரட்டுச் சரட்டென்று தேய்த்துக்கொண்டு, "மாரித்தாயி, என்ன இங்கிட்டு?" என்று இல்லாத மாரித்தாயிடம் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள். கதவைத் தள்ளினபோது அவர் பாயில் உட்கார்ந்து கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கேட்டாள்.

"படியைக் கண்டுபிடிக்க முடியலையா உங்களுக்கு?"

அவர், "பாத்துட்டியா?" என்றார்.

"பாத்தேன்."

"வேட்டி அழுக்காயிருச்சா?"

"வேட்டி கிடக்கு. சொல்லுங்க. படி அப்படியேதானே இருக்கு? குச்சி வச்சு அளந்து, கொத்தனார் உசிரை வாங்கி…"

"படி அப்படியேதான் இருக்கு. படிக்குப் போற வழிதான் இல்ல." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கூடத்து நடுவுல நிக்குற படி, சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனாலும் வராது. முன்னால எல்லாம் வாசல்ல இருந்து வந்தா, பொரிஞ்ச ஓடு, அப்புறம் பேந்த ஓடு, அப்புறம் அந்த நாய்க்காலு. பெருவெரலு அதுக்குள்ள இறங்குனா படி வந்துருச்சுன்னு அர்த்தம். அதுல நின்னுக்கிட்டு இடதுபக்கம் திரும்புனா அடுப்படி, முதுகைக் காட்டுனா வாசல். மொத்த வீடும் அந்த ஓட்டுல இருந்துதான் எனக்கு. இப்ப எங்கன காலை வச்சாலும் ஒரே வழவழப்பு. நான் எங்கன நிக்கேன்னே தெரியலை."

"அதை ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லலை?"

"எனக்கே தெரியாதே தேவமணி! காலுக்குத்தானே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலை. போன பிறகுதான் தெரிஞ்சது." தரையைக் கையால் தடவிவிட்டு, "சொன்னா நீ இந்தக் கல்லையெல்லாம் பேத்துருவ. ஆசையாப் போட்டது. அந்தச் செவப்பு நல்ல செவப்பு" என்றார்.

கடப்பாரையைத் தானே கேட்டு வாங்கிக் குத்தினதை அவரிடம் எப்படிச் சொல்லுவாள்? சொன்னாள். ஒன்றுவிடாமல், இன்பம் டீச்சர் சொன்ன வார்த்தையில் ஆரம்பித்துச் சொன்னாள். சொல்லி முடித்து அழுதாள். கிறிஸ்துராஜ் பச்சைவிரலால் தடவி அவள் தலையைக் கண்டுபிடித்து, "சரி விடு, ஒரு நாய்க்குப் போயி" என்றார்.

மறுநாள் உக்கிரபாண்டி வந்தார். கேட்டுவிட்டு வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடு பள்ளம் காட்டினால் மீசையை எடுப்பதாகச் சொன்ன மனுசன்.

"ஓட்டைத் தேடி எடுக்க முடியாது. எல்லாத்தையும் உடைச்சு உள்ள போட்டுத் திமிசு பண்ணியாச்சு" என்றார். "ஒரு கல்லைப் பேத்துட்டு, செங்கல்லைச் செருகிரட்டுமா? சொரசொரன்னு இருக்கும்."

"அவுக காலுக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியும் அண்ணே. நாய்தான் வேணும்."

"நாய்க்கு நான் எங்கன போவேன்?"

"டீக்கடைச் செவலை இருக்கே" என்றாள் மாரித்தாய்.

முதல் படிக்கு முன்னால் ஒரே ஒரு பூக்கல்லை, பக்கத்துக் கல் நோகாமல் உளியால் கொத்தி எடுத்தார். அந்தக் குழியில் சிமெண்டுக் கலவை போட்டு, கரணையால் வழித்து மட்டம் பார்த்தார். "நாப்பது வருச வேலையில நாய்க்கு மட்டம் பாக்குறது இன்னைக்குத்தான்" என்றார். மாரித்தாய் செவலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அது அவள் முகத்தை நக்கியது.

உக்கிரபாண்டி நாயின் முன்னங்காலைப் பிடித்துக் கலவையில் அமுக்கினார். அது வெடுக்கென்று இழுத்தது, குழம்பிப்போனது. வழித்தார், மறுபடி அமுக்கினார், அது உறுமியது.

"அமுக்குனா வேலைக்காகாது. அதுவா நடந்தாத்தான் தடம் விழும்" என்றார், கையைப் பத்திரமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு.

தேவமணி அடுப்படிக்குப் போய் ஒரு கருவாட்டுத்துண்டை எடுத்துவந்து ரெண்டாவது படியில் வைத்தாள். செவலை மோந்தது. ஒரு எட்டு எடுத்துவைத்தது. பின்வாங்கி மாரித்தாயைப் பார்த்தது. "போடி என் ராசாத்தி, போ" என்றாள் மாரித்தாய்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கிறிஸ்துராஜ், "தேவமணி, வீட்டுக்குள்ள என்ன நாய்ச் சத்தம்?" என்று கேட்டார்.

"விருந்தாளி வந்திருக்கு, சும்மா இருங்க!"

செவலை கருவாட்டை எட்டிப் பார்த்து, வலது முன்னங்காலைக் கலவை நடுவில் ஊன்றி, படியில் தாவிக் கவ்விக்கொண்டு, திரும்ப எகிறிக் குதித்து வாசலைப் பார்த்து ஓடியது. ஓடின வழியெல்லாம் சிமெண்டுத் தடம். மாரித்தாய் சாக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டு ஓடினாள். உக்கிரபாண்டி மட்டும் குனிந்து பார்த்து, "விழுந்துருச்சு டீச்சரம்மா. அஞ்சும் சுத்தமா விழுந்துருச்சு" என்றார். தேவமணி கையெடுத்துக் கும்பிட்டாள், ஏசுவுக்கா நாய்க்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். நாலாம் நாள் சாயங்காலம் உக்கிரபாண்டி வேறு வேலையை விட்டுவிட்டு வந்து நிலையோரமாக நின்றார். மாரித்தாயும் வந்திருந்தாள். தேவமணி வாசலில் கிறிஸ்துராஜை நிறுத்தி, கையை விட்டுவிட்டாள்.

"நடங்க."

"எங்க?"

"வழக்கம்போல."

ஒரு எட்டு வைத்தார். தயங்கினார். இன்னொரு எட்டு. கூடத்து நடுவில் வரும்போது நடை தளர்ந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். கொஞ்சம் இடதுபக்கம் விலகினார். தேவமணிக்குப் பிடித்து இழுக்கக் கை பரபரத்தது. உக்கிரபாண்டி வேண்டாமென்று தலையாட்டினார். கிறிஸ்துராஜ் வலதுபக்கம் திரும்பி ஒரு எட்டு வைத்தார். பெருவிரல் இறங்கியது.

அப்படியே நின்றார். அசையவில்லை. பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு குழியாகத் தடவினார். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, உள்ளங்கால்.

"இது வேற நாயி" என்றார்.

மாரித்தாய்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. "சின்ன நாயி. என் வெரலு முழுசா இறங்க மாட்டேங்குது" என்று அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து, காலைத் தூக்கி முதல் படியில் வைத்து, விறுவிறுவென்று பதினோரு படியும் ஏறினார். "லாபம்!" என்று கீழேயிருந்து கத்தினார் உக்கிரபாண்டி.

மறுநாளே கம்பியும் பலகையும் மச்சுக்குப் போய்விட்டன. அடுத்த சனிக்கிழமை இன்பம் டீச்சர் புதுத்தரையைப் பார்க்க வந்தாள். சாத்தூர்ச் சேவும் காப்பியும் வைத்தாள் தேவமணி. பூக்கல்லைத் தடவித் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்த இன்பம் டீச்சரின் கண் படிக்கு முன்னால் வந்து நின்றது.

"அய்யய்யோ டீச்சர், இம்புட்டு அழகாப் போட்டுட்டு, இங்கன மறுபடியும் நாயா?"

"ஆமா டீச்சர். முன்ன இருந்தது தானா வந்த நாயி. இது நாங்க கருவாடு வச்சு அழைச்ச நாயி" என்றாள் தேவமணி. சொல்லிவிட்டு ஒரு சேவை எடுத்து நிதானமாகக் கடித்தாள்.

இன்பம் டீச்சர் ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தபோதே கிறிஸ்துராஜ் இறங்கிவந்தார். வணக்கம் சொன்னார், பேப்பர்க் கட்டை எடுத்துக்கொண்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் பசைக்கு இறங்கினார். அப்புறம் தண்ணீருக்கு. அப்புறம் பழந்துணிக்கு. ஒவ்வொரு தடவையும் வாசல்வரை போய்த் திரும்பி, நடுக்கூடத்தில் விறுவிறுவென்று நடந்து, டக்கென்று நின்று, ஏறினார். இன்பம் டீச்சர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறிப்போனது.

எட்டாம் தடவையாக இறங்கினபோது தேவமணி கேட்டுவிட்டாள்.

"இப்ப என்ன மறந்தீக?"

"ஒண்ணும் மறக்கலை" என்றார் கிறிஸ்துராஜ். பெருவிரலால் நாய்க்காலை ஒருதரம் தடவிவிட்டு, திரும்பவும் ஏறினார்.